சோதனையாளர் எழுதும் ஏடு

கண்டி நகரிலிருந்து வத்துகாமம் வழியாக மலையேறும் பாதை பன்வில என்னும் சிறிய பட்டினத்தை அடைகின்றது. அதற்கு அப்பால் மடுல்கலையும், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிலே பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. அத்தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு எழுத்தின் வலிமையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பறித்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது. கூடைக்கும் ஈரத்துக்கும் சிறிது கழிக்கப்படுகின்றது. எஞ்சியது கணக்கில் ஏறுகின்றது. குறித்த கிலோ நிரம்பினால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஒரு நாள் உழைப்புக்குத் தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்னும் சொல் நிலைத்தது, செக்ரோலிற் பெயர் விழுந்தால்தான் கூலி என்னும் நியதியினால் எனக் கருத இடமுண்டு. பறித்தது உண்மை, நிறுத்ததும் உண்மை. ஆயினும் ஏட்டில் இல்லாதது சம்பள நாளில் இல்லாததே.

அண்மை ஆண்டுகளில் இலங்கையின் பெருந்தோட்டக் கம்பனிகள் சில, பழைய தராசை விடுத்து மின்னணுத் தராசை மலைக்குக் கொண்டுவந்துள்ளன. எடை, கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்குக் காத்திராமல், கணினிக் கணக்கிலே சேர்கின்றது. இனிக் கையெழுத்துப் பிழை இல்லை, கண் தவறுதல் இல்லை என்று மகிழ்வோர் உளர். ஆனால் அக்கருவியை இயக்கும் மென்பொருளும் மனிதர் எழுதியதே. கணக்கப்பிள்ளை செய்யும் பிழையைப் பக்கத்தில் நிற்கும் பெண் கண்டு கேட்கலாம். மென்பொருள் செய்யும் பிழையை அவள் காணவும் மாட்டாள். ஆதலால் அதனை அவளுக்கு முன்பே கண்டு எழுதிவைக்க ஒருவர் வேண்டும். அவரே மென்பொருள் சோதனையாளர். அவருடைய கைப்பொருள் கருவியன்று. அவர் எழுதும் ஏடே.

அந்த ஏட்டில் என்ன எழுதப்படும் என்பதை ஓர் எடுத்துக்காட்டினாற் காணலாம். இது கற்பனையே, எனினும் மலைநாட்டில் வாழ்வோருக்கு நம்பமுடியாததன்று. ஒரு பெண்ணின் கொழுந்து ஒரே நாளில் மூன்று முறை நிறுக்கப்படுகின்றது: 6 கிலோ, 7 கிலோ, 5 கிலோ. இரண்டாவது நிறுவையின்போது தொலைபேசி அலை கிட்டவில்லை. கருவி அந்த எடையைத் தன்னகத்தே வைத்திருந்து, அலை கிடைத்ததும் அனுப்பவேண்டும். அதற்குள் மின்கலம் தீர்ந்து கருவி அணைந்துவிடுகின்றது. மாலையிற் கணக்கு 18 கிலோ என்று காட்டுமா, 11 கிலோ என்று காட்டுமா?

சோதனையாளர் இதனைச் செய்து பார்ப்பதற்கு முன்னரே எழுதிவிடுகின்றார். கருவி எந்த நிலையில் இருக்கவேண்டும், எந்தெந்தச் செயலை எந்த வரிசையிற் செய்யவேண்டும், முடிவில் என்ன வரவேண்டும் என்னும் மூன்றும் அதில் இருக்கும். 'வரவேண்டியது 18' என்று முதலிலேயே எழுதிவைப்பதில்தான் தொழிலின் நேர்மை அடங்கியிருக்கின்றது. விடையை முன்னே குறித்துக்கொள்ளாதவன், வந்ததையே விடையென்று ஏற்றுக்கொள்ளும் பலவீனத்துக்கு எளிதில் ஆளாவான்.

11 என்று வந்தால் வழு அறிக்கை எழுதப்படுகின்றது. 'சில வேளைகளில் எடை தவறுகின்றது' என்று எழுதினால் அது முறைப்பாடு, அறிக்கையன்று. எந்தக் கருவி, மென்பொருளின் எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்கு, எந்த நிறுவைக்குப் பின் கருவி அணைந்தது, மீண்டும் எரிந்தபோது திரையில் என்ன தெரிந்தது என்பவற்றையெல்லாம் குறிக்கவேண்டும். கொழும்பிலே குளிரூட்டிய அறையில் இருக்கும் பொறியியலாளர், பன்வில மலையை ஒருபோதும் காணாதவராயினும், அவ்வெழுத்தைப் படித்து அதே பிழையைத் தம் மேசைமேல் உண்டாக்கிப் பார்க்க முடியவேண்டும்.

இதன் அருமையை ஒரு துன்பக் கதை விளக்குகின்றது. தெராக்-25 என்பது கனடா நாட்டிற் செய்யப்பட்ட, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை அளிக்கும் பொறி. 1985இலிருந்து 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அது அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியதாக ஆறு விபத்துகள் அறியப்பட்டுள்ளன. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் ஒரு நோயாளி தாக்குண்டபோது திரையிலே தெரிந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற சொல்லும் எண்ணுமே. பொறியுடன் வந்த ஏட்டிலும் அந்த எண்ணுக்குப் பயனுள்ள விளக்கம் இல்லை. உற்பத்தியாளரின் பொறியியலாளர் வந்து சோதித்தனர், பிழை தோன்றவில்லை, பொறி மீண்டும் பணிக்கு வந்தது. ஏப்ரலில் இன்னொரு நோயாளி தாக்குண்டார். இருவரும் பின்னர் இறந்தனர்.

இரண்டாம் விபத்தின் பின் அம்மருத்துவமனையின் பௌதிகவியலாளர், பொறியை இயக்கிய பெண்ணை அருகில் இருத்தி, அவர் அன்று தட்டிய எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நினைவுகூரச் செய்தார். எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தவறுதலாகத் தட்டியதும், மேலே சென்று அதனை எலக்திரன் கதிருக்குரியதாக விரைந்து திருத்தியதும் அவருக்கு நினைவிருந்தன. இருவரும் அதனைத் திரும்பத் திரும்பச் செய்தனர். விரைந்து செய்தபோது மாத்திரம் அந்த 54 தோன்றிற்று. பொறியின் காந்தங்கள் நிலைபெற ஏறத்தாழ எட்டு விநாடிகள் வேண்டும். அவ்வளவுக்குள் திருத்தம் முடிந்துவிட்டால் மென்பொருள் அத்திருத்தத்தைக் கவனிக்கத் தவறியது. உற்பத்தியாளருக்கு அறிவித்தபோது, வேகம் முக்கியம் என்பதைச் சொல்லும்வரை அவர்களாலும் பிழையை மீண்டும் காண இயலவில்லை. 'விரைவாக' என்னும் ஒரு சொல் ஏட்டில் ஏறுவதற்கு முன் இருவர் தாக்குண்டனர். அம்மென்பொருளைப் பற்றிய விவரக்குறிப்பும் சோதனைத் திட்டமும் மிகச் சொற்பமாகவே எழுதப்பட்டிருந்தன என்று பின்னாளில் அதனை ஆராய்ந்தோர் காட்டினர்.

எழுதவேண்டும் என்பதற்காக மலைபோல் எழுதிக் குவிக்கும் வழக்கமும் உண்டு, அதுவும் நோயே. அமெரிக்க மின்பொறியியலாளர் சங்கமாகிய ஐ.இ.இ.இ. 1983இல் 829 என்னும் நியமத்தை வெளியிட்டு, சோதனை ஆவணங்களுக்கு வடிவம் வகுத்தது. 29119 என்னும் சர்வதேச நியமத்தின் மூன்றாம் பகுதி 2013இல் அதன் இடத்தைப் பெற்றது. மறு ஆண்டிலேயே சோதனையாளர் பலர் அந்நியமத்துக்கு எதிராகக் கையொப்பம் திரட்டினர். படிவங்களை நிரப்புவதிலே பொழுது கழிந்து, கருவியைப் பார்க்க நேரமின்றிப் போகும் என்பது அவர்கள் அச்சத்தில் ஒன்று. தோட்ட அலுவலகங்களில் ஒரே எண்ணிக்கையை நான்கு புத்தகங்களில் எழுதிக் களைத்த எழுதுவினைஞர் எவரும் அதனை வீண் அச்சம் என்னமாட்டார். முந்நூறு பக்கத் திட்டத்தைவிட, 'மழையில் நனைந்த கருவியிற் சோதிக்கப்படவில்லை' என்று ஒளிக்காமற் சொல்லும் ஒரு வரி பன்வில மலைக்கு அதிகம் பயன்படும். எது சோதிக்கப்பட்டது என்பதை எழுத யாவரும் முன்வருவர். எது சோதிக்கப்படவில்லை என்பதை எழுதுவதற்குத்தான் துணிவு தேவை.

சோதனையாளர் கண்ட பிழைக்குத் தமிழில் 'வழு' என்னும் சொல் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் அதனைப் பூச்சி என்கின்றனர். 1947 செப்டெம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் அகப்பட்ட விட்டிற் பூச்சி ஒன்றை, அங்கே பணியாற்றியோர் வேடிக்கையாகக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தனர். அவ்வேடு இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஆனால் தமிழ்ச் சொல் ஆழமானது. நன்னூல் பயின்றோர் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றையும் அறிவர். வழுவமைதி என்பது இலக்கணப்படி பிழையேயாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது. மென்பொருளிலும் இம்மூன்றும் உள்ளன. திருத்தப் பொழுதில்லை, அல்லது திருத்தினால் வேறொன்று கெடும் என்று கருதி, சில வழுக்கள் அறிந்தே விடப்படுகின்றன. அறிந்த வழுக்களின் பட்டியல் என்று அவற்றுக்குத் தனி ஏடும் உண்டு. இலக்கணத்தில் வழுவமைதியைக் காரணத்தோடு எல்லோரும் படிக்க எழுதிவைத்தனர். மென்பொருளில் அப்பட்டியலை யார் படிக்கலாம் என்பதே பெரும் வினா.

பிரித்தானிய அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொறைசன் என்னும் கணக்கு மென்பொருள் இவ்வினாவை உலகறியச் செய்தது. அது காட்டிய பற்றாக்குறையை நம்பி, 2015 வரையான காலத்தில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உப அஞ்சலதிபர்களும் அவர்தம் பணியாளரும் குற்றவாளிகளாக்கப்பட்டனர். மென்பொருளைப் பராமரித்த புஜிற்சு நிறுவனத்திடம் அறிந்த வழுக்களின் ஏடு இருந்தது. 2010இல் ஏறத்தாழ அறுபது கிளைகளைத் தாக்கிய ஒரு வழுவைப் பற்றி இருதரப்பாரும் கூடிப் பேசி எழுதிய குறிப்பில், இது வெளிவந்தால் நடந்துகொண்டிருக்கும் வழக்குகளைப் பாதிக்கும் என்ற கவலையும் பதிவாகியுள்ளது. அதே ஆண்டு நவம்பரில் சீமா மிஸ்ரா என்னும் அஞ்சலதிபர், கருவுற்றிருந்த நிலையிற் சிறைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் 555 பேர் தொடுத்த வழக்கிலும் அவ்வேட்டைக் காட்டுவதற்கு அஞ்சலகத் தரப்பு முதலில் இணங்கவில்லை. 2019 டிசம்பரில் நீதிமன்றம் மென்பொருளின் வழுக்களை உறுதிசெய்தது. 2021இல் சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரின் தண்டனைகள் நீக்கப்பட்டன. எஞ்சியோருட் பெரும்பாலோருக்காக 2024இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. எழுதியவர்கள் தம் கடமையைச் செய்திருந்தனர். எழுதப்பட்டது, தேவையானவர் கையை எட்டவில்லை.

பன்வில மலையில் அஞ்சலகம் அளவு பெரிய காரியம் ஒன்றும் இல்லைதான். நாளொன்றுக்கு 7 கிலோ தவறுவதுதான். ஆனால் அந்த 7 கிலோ ஒரு பேரை அரைப்பேராக்கும். ஒரே டிவிசனில் ஒரே பெயருடைய பெண்கள் இருவர் இருப்பதுண்டு. தோட்டத்துப் பதிவில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டு, சேமலாப நிதி பெறுவதற்கு முதுமையில் அலைந்தோரும் உளர். இவையெல்லாம் சோதனை ஏட்டில் வரிகளாக இடம்பெறவேண்டியவை: ஒரே பெயருடையோர் இருவர், ஒருவருக்கு 18, மற்றவருக்கு 16, கணக்கு மாறலாகாது. அவ்வரிகளை எழுதுபவருக்குத் தோட்டத்துப் பழக்கம் தெரிந்திருத்தல் நன்று. இன்று கணினித்துறையிற் பயிலும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு அந்த அறிவு வீட்டிலேயே கிடைத்திருக்கின்றது. புதிய தராசு வந்திறங்கும் நாளில் அதன் விலையையும் மின்கலத்தின் ஆயுளையும் கேட்போர், அறிந்த வழுக்களின் பட்டியல் எங்கே என்றும், அது தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டப்படுமா என்றும் சேர்த்தே கேட்கலாம்.