வரி விதிகளும் நம் விழிப்பும்

(திருவரங்கத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



கல்வியின் பயன் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பட்டத்தையும் பதவியையும் பற்றி இம்மேடையில் பலர் பேசுவர். நம் வீட்டுப் பணப்பெட்டியைத் தொடும் சிறு பயன் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுதோறும் மாறிவரும் வரி விதிகளை அறிந்துவைத்திருத்தலே அது.

"வரி செல்வந்தர் கவலை, நமக்கென்ன?" என்று நம்மவர் கூறுவதுண்டு. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலையை ஒப்பந்தமாக எடுத்து, நான்கைந்து பேருக்குக் கூலி கொடுத்து நடத்தி வருகிறார். 2021-22ஆம் நிதியாண்டில் ஒரு கட்டட நிறுவனத்திற்கு அவர் கொடுத்த பில் தொகை 9 லட்சம் ரூபாய். சட்டப்படி நூற்றுக்கு ஒன்று வீதம் 9,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு நிறுவனம் பணம் கொடுத்தது. அதில் தவறில்லை. வண்ணத்திற்கும் கூலிக்கும் போக அவர் கையில் நின்றது இரண்டரை லட்சத்திற்கும் குறைவு. ஆதலின் அவர் செலுத்தவேண்டிய வரி ஒரு காசும் இல்லை. உரிய காலத்தில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால் அந்த 9,000 ரூபாயும் திரும்பி வந்திருக்கும்.

இதனை யாரோ சொல்லக் கேட்டு, 2023 பிப்ரவரியில் அவர் என்னிடம் வந்தார். "மார்ச்சு 31 வரை தவணை இருக்கிறதாமே, ஐயா" என்றார். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது பழைய விதி. காலங்கடந்து தாக்கல் செய்யும் கணக்கிற்கான கெடுவை 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் மூன்று மாதம் குறைத்து, டிசம்பர் 31 என ஆக்கியிருந்தது. தாமதத்தைப் பொறுக்குமாறு மேலதிகாரிக்கு மனுச் செய்யும் வழி உண்டு. ஆயினும் அது நீண்ட வழி. அன்றாடம் உழைப்பவர் எத்தனை நாள் வேலையை விட்டு அலைய முடியும்? "போகட்டும், ஐயா" என்று எழுந்து சென்றார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று அவர் மனத்தில் ஒதுக்கியிருந்த பணம் அது. ஆசிரியனாகிய நான் அன்று தலைகுனிந்தேன்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களைச் சட்ட மேதையாக அறிவோம். பொதுநிதியை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் அவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்காக அவர் செய்த ஆய்வு 1925இல் நூலாக வெளிவந்தது. அவர் தலைமையேற்ற குழு வரைந்த அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. "எந்தச் சட்டப்படி?" என்று கேட்கும் உரிமை இதனால் நமக்கு வாய்த்தது. களத்துமேட்டில் அளந்த நெல்லுக்குக் கணக்குக் கேட்க இயலாமல் கைநாட்டு வைத்தவர்கள் நம் பாட்டன்மார். விதியை அறியாவிடில் இவ்வுரிமையும் ஏட்டுச் சுரைக்காயே.

விதிகளோ நிற்பதில்லை. 1939இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது விற்பனை வரி, 1959இல் புதுச் சட்டமாகி, 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.க்குள் அடங்கியது. அதன்பின்னும் மாற்றம் ஓயவில்லை. 1,000 ரூபாய் விலையுள்ள ஒரு ஜோடிச் செருப்புக்கு 2021 இறுதியில் 5 விழுக்காடு. 2022 ஜனவரி முதல் 12 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் மீண்டும் 5 விழுக்காடு. அதே நாளில் பள்ளி நோட்டுப் புத்தகங்களுக்கு இருந்த 12 விழுக்காடு அறவே நீங்கியது. நீங்கிய வரியைக் கடைக்காரர் பில்லில் எழுதினால், கண்டு கேட்கவேண்டியவர் வாங்குபவரே.

நம் இளைஞர்கள் சிறுகடை வைக்கிறார்கள். தமிழ்நாட்டிற்குள் மட்டும் பொருள் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு பெறவேண்டியதில்லை. பதிவு பெறாதவர் வாங்குபவரிடம் அவ்வரியை வசூலிக்கவும் கூடாது.

வருமான வரியில், புதிய திட்டப்படி 2025-26ஆம் நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை பொதுவாக வரி இல்லை. சம்பளக்காரர்க்கு நிலையான கழிவு சேர்ந்து 12,75,000 வரை. ஆயினும் இங்கே ஒரு கண்ணி உண்டு. வருமானம் 4 லட்சத்தைக் கடந்தால், வரி இல்லாவிடினும் கணக்குத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். மேலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அது நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவரும் மீண்டும் மாணவராகவேண்டும்.

நம் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: ஆண்டுதோறும் பிப்ரவரியில் மத்திய நிதிநிலை அறிக்கை வந்தபின் ஒரு ஞாயிறும், கணக்குத் தாக்கல் தொடங்கியபின் ஒரு ஞாயிறும் இம்மண்டபத்தில் கூடுவோம். வணிகவியல் பயின்ற நம் பிள்ளைகள் மாறிய விதிகளை விளக்கட்டும். கெடு நாள்களைப் பலகையில் எழுதட்டும். இரண்டு: நம் பெயரில் பிடிக்கப்பட்ட வரியை வருமான வரித்துறையின் இணையதளத்தில் நாமே பார்க்கலாம். பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாணவர்கள் உதவுக. மூன்று: கடன் வாங்கித் தருவதாகவும், இல்லாத கழிவைக் காட்டிப் பணம் திரும்பப் பெற்றுத் தருவதாகவும் கூறுவோரிடம் பான் அட்டையையும் ஆதாரையும் ஒப்படைக்காதீர்கள். பொய்க் கணக்கிற்குப் பதில் சொல்லவேண்டியவர் கையொப்பமிட்டவரே.

செலுத்தவேண்டியதை ஒழுங்காகச் செலுத்துவோம். நமக்கு உரியதை ஒரு காசும் விடாமல் கேட்டுப் பெறுவோம். அந்த வண்ணம் பூசும் நண்பர் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அடுத்த ஆண்டு முதல் நான் கணக்கு எழுதிக் கொடுத்தேன். இப்போது அவர் மகளே எழுதுகிறாள். கல்வியின் பயனுக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.