‘லேட்’ என்னும் ஒரு சொல்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் புலவரல்லோம். பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பு நின்றது. இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஆகவே கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேசும் துணிவு நமக்கில்லை. நாள்தோறும் நம் மேசைமீது வந்து விழும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் சில கூற விழைகின்றோம். ‘லேட்’ என்பதே அச்சொல்.

நம் காலனியில் பொழுது புலர்ந்ததும் முதலில் கேட்பது சேவற்குரலன்று; இச்சொல்லேயாகும். பால் லேட்; பள்ளிப் பேருந்துக்கு லேட்; அலுவலகத்துக்கு லேட். தாமதம் என்ற சொல்லை அறியாத குழந்தையும் இதனை அறியும். ஆயினும், இதற்கு எத்தனை பொருளுண்டு என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ‘மந்தமான’ என்பதே பொருள். நேரம் கடந்து வருதல் என்னும் பொருள் பின்னரே ஏற்பட்டது. நம் வழக்கிலும் இதற்கொப்பான செய்தியுண்டு. சத்துவம், இராசதம், தாமதம் என்று குணங்களை மூன்றாகப் பகுத்தனர் பெரியோர். மந்த குணத்தைக் குறிக்கும் அத்தாமதமே இன்று காலத்தாழ்வையும் குறிக்கிறது. சோம்பலே தாமதத்தின் தாய் என்பதை இரு மொழியும் ஒருங்கே கண்டன போலும்!

ஆனால் எல்லா ‘லேட்’டும் குற்றமன்று. ஒருவர் ‘லேட் ஃபார்ட்டீஸ்’ என்றால், நாற்பது வயதை அவர் தாமதமாக அடைந்தார் என்பதில்லை. நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கிறார் என்பதே பொருள். நாமும் அந்நிலையை நெருங்குகின்றோம்! கிரிக்கெட்டில் ‘லேட் கட்’ என்பர். பந்து தம்மைக் கடக்கும் தறுவாயில் மட்டையால் மெல்லத் தட்டி விடுவது அது. அங்கே தாமதமே திறமை. ‘லேட்டஸ்ட்’ என்றாலோ புத்தம் புதியது! இறுதியைக் குறிக்கும் ‘லாஸ்ட்’ என்பதும் இவ்வேரில் கிளைத்ததே. ‘லேட்லி’ என்றால் அண்மையில் என்று பொருள். இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம். மேலே சொல்லப்போவதற்கு இதுவே திறவுகோல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் நம் மேசையெதிரே ஓர் அம்மையார் வந்து நின்றார். பணியில் இருக்கும்போதே கணவர் இறந்துபோனார். நம்மைப் போன்றே பிழைப்பு நாடி இவ்வூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களை நிரப்பித் தருமாறு கேட்டார். நாமும் வழக்கம்போல் கணவரின் பெயருக்கு முன் ‘லேட்’ என்று எழுதினோம். உடன் வந்திருந்த சிறுமி அதனை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அம்மையாரின் முகம் மாறிவிட்டது.

“அண்ணா, அவர் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மழையென்றும் பனியென்றும் பாராமல் போனவர். ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லையே! இப்போது போய் இப்படி எழுதுகிறீர்களே?” என்றார்.

நம் கை அப்படியே நின்றுவிட்டது. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் இடுகின்ற குறி ஒன்றே அவர் அறிந்த ‘லேட்’. “அம்மா, இது குறை கூறும் சொல்லன்று. நம்மூரில் ‘காலஞ்சென்ற’ என்று எழுதுவோமே, அதுதான்” என்றோம். அவர் அப்பெயரை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையொப்பமிட்டார்.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. எத்தனை தாள்களில் இச்சொல்லை எழுதியிருப்போம்! எத்தனை பேர் வாய் திறவாமல் வருந்திச் சென்றனரோ!

அண்மைக் காலம் வரை வாழ்ந்தவர் என்ற கருத்திலேயே இறந்தாரை ஆங்கிலேயர் ‘லேட்’ என்றனர். 15ஆம் நூற்றாண்டு முதலே இவ்வழக்கு உண்டு. பன்னூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்க்கு இது பொருந்தாது; ‘லேட் திருவள்ளுவர்’ என்று எவரும் எழுதார். இச்சொல் அமரும் இடமும் நோக்கத்தக்கது. ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்றால் தந்தையார் வர நேரமாயிற்று. ‘மை லேட் ஃபாதர்’ என்றால் அவர் மறைந்துவிட்டார். சிறுவன் ஒருவன் இடத்தை மாற்றி எழுதிவிட்டால், ஆசிரியர் அனுதாபக் கடிதம் அனுப்பிவிடுவார்!

தமிழிலோ இவ்விடர்ப்பாடு இல்லை. தாமதம் வேறு, அண்மை வேறு, மறைவு வேறு. இறந்தாரைக் ‘காலஞ்சென்றவர்’ என்கிறோம், ‘காலமானார்’ என்கிறோம். மாண்டவர் பிந்தியவர் அல்லர், காலமாகவே ஆகிவிட்டவர். இத்தகைய சொற்களை நம் மக்கள் இழந்துவிடலாகாது. ஆங்கிலத்தைப் பிழையின்றிக் கற்கட்டும்; ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தமிழ்ச் சொல்லையும் வீட்டிலேயே பெற்றோர் சொல்லித் தரட்டும்.

இன்னுமொன்று கூறி முடிக்கின்றோம். நம்மில் பலருடைய முதிய பெற்றோர் ஊரில் தனித்திருக்கின்றனர். அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று நாம் பயணத்தைத் தள்ளிப்போடுகின்றோம். அவ்வாறு தள்ளிப்போட்டுத்தான் நம் தந்தையாரின் முகத்தை இறுதியாகக் காண இயலாது போயிற்று. அன்று வண்டி குறித்த நேரத்துக்கே ஊர் போய்ச் சேர்ந்தது. தாமதித்தவர் நாமே. நமக்குரியதாய் இருந்த அச்சொல், நாம் சென்றபோது அவர் பெயருக்கு முன்னே போய் அமர்ந்துவிட்டது.

ஆகவே, அன்பர்களே! வருகின்ற விடுமுறைக்கு இன்றே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

தலைவர் அவர்கள் மணியடித்துவிட்டார்கள். நாமும் லேட்!