வீரர் குழுவும் வாசகர் வழக்கும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய மன்றத்தில் படக்கதைகளைப் பற்றிப் பேசுவது தகுமா என்ற ஐயம் அவையில் சிலருக்கு எழக்கூடும். படக்கதை இலக்கியமா என்பது இவ்வுரையின் பொருளன்று. படக்கதை வாசகர் தமக்குள் நடத்தும் வழக்கு ஒன்று உண்டு. தாம் விரும்பும் வீரனைக் கதை சரியாகக் காட்டியிருக்கிறதா என்பதே அது. அதே வழக்கைச் சங்கப் புலவரும் நடத்தினர் என்பதும், கொல்லிமலை அதில் ஒரு களமாக இருந்தது என்பதும் இங்கே எண்ணிப் பார்க்கத் தக்கன.

தமிழில் படக்கதைச் சுவைஞர் வட்டம் ஒன்று உருவாகப் பெரிதும் துணைநின்ற ஊர் சிவகாசி. 1972-இல் முத்து காமிக்ஸ் அங்கிருந்து இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. 1984-இல் தோன்றிய லயன் காமிக்ஸ் ஸ்பைடரைத் தமிழ்ச் சிறுவருக்கு அறிமுகம் செய்தது. இவ்விருவரும் இங்கிலாந்து இதழ்களில் பிறந்தவர்கள். பிறந்தபோது இருவரும் நல்லவர் அல்லர். 1962-இல் எழுதப்பட்ட மாயாவி, உடல் மறையும் ஆற்றலைப் பெற்றவுடன் அதைக் குற்றத்திற்கே பயன்படுத்தினான். பின்னரே நன்மையின் பக்கம் வந்தான். 1965-இல் வந்த ஸ்பைடர், பெல்ஹாம், ஆர்டினி என்னும் இருவரைத் துணைக்கொண்டு குற்றவுலகையே ஆள நினைத்தவன். அவனும் பின்னாளில் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். இத்தகையோரை நாயகர் என்பதா, மாறிய பின்னும் பழைய செருக்கு எஞ்சியிருக்கலாமா என்று வாசகர் மனம் கேட்பது இயல்பே.

படக்கதை வாசகரின் வாதங்கள் பொதுவாக இருவகைப்படும். இருவருள் யார் வலியர் என்பது ஒன்று. அது விளையாட்டு. இவர் இப்படிச் செய்வாரா, இவரை இப்படிக் காட்டுவது முறையா என்பது மற்றொன்று. இரண்டாம் வினா எழுந்த இடத்திலேயே திறனாய்வு தொடங்கிவிடுகிறது. தனி வீரன் கதையைவிடக் குழுவினர் கதையில் இவ்வினா கூர்மை பெறுகிறது. பலரை ஒரே ஏட்டில் அடக்க வேண்டியிருப்பதால், ஆளுக்கு ஓர் ஆற்றல், ஓர் அடையாளம் என்று ஆசிரியர் பங்கிட்டுவிடுவர். பங்கீட்டில் சிலர் சுருங்கிப்போவர்.

இதற்குத் தக்க சான்று அமெரிக்காவில் உண்டு. 1961-இல் ஸ்டான் லீ, ஜேக் கிர்பி இருவரும் நால்வர் குழு ஒன்றைப் படைத்தனர். ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்பது அதன் பெயர். உடலை நீட்டவல்ல அறிவியலறிஞன் ரீட், தீயுருக் கொள்ளும் ஜானி, பாறையுடல் பெற்ற பென் ஆகியோருடன் நான்காமவளாக நின்றவள் சூ. அவளுக்குக் கிடைத்த ஆற்றல் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைதல் மட்டுமே. அவளால் குழுவுக்கு என்ன பயன் என்று வாசகர் சிலர் எழுதினர். 1963-இல் வந்த 11-ஆம் இதழில் அக்குறை கதைக்குள்ளேயே எடுத்துக்கொள்ளப்பட்டது. வாசகர் கடிதங்கள் சூவின் மனத்தைப் புண்படுத்துகின்றன; ரீட் ஆபிரகாம் லிங்கனின் தாயை எடுத்துக்காட்டி அவளுக்காக வாதிடுகிறான்.

அவ்விடை உண்மையில் விடையாகவில்லை. பெரியவனுக்குப் பின்னே நின்று ஊக்குவித்தலும் பெருமையே என்பது, பின்னே நிற்கவைத்ததற்கு மறுமொழியாகாது. 1964-இன் தொடக்கத்தில் வந்த 22-ஆம் இதழே சரியான விடையைத் தந்தது. அதில் பிறரை மறைக்கவும், கண்ணுக்குப் புலப்படாத காப்புச் சுவர் எழுப்பவும் வல்லவளாகச் சூ வளர்ந்தாள். அவள் பெயரில் இருந்த சிறுமி என்னும் சொல் 1985-இல்தான் பெண்மணி என்று மாறிற்று. குறை கூறிய வாசகருள் சிலர் அவளை வேண்டாம் என்று ஒதுக்கினர். ஆயினும் அவர்கள் எழுப்பிய வினாவே அவள் வளர்வதற்கு வழிதிறந்தது.

இனி, நாமக்கல் சமவெளியில் நிற்பவர் வடகிழக்கே தலைநிமிர்ந்தால் தெரியும் மலைக்கு வரலாம். முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலை, 1997-இல் மாவட்டம் பிரிந்தபின் நாமக்கல்லைச் சேர்ந்தது. அம்மலைக்குரிய வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். எழுவர் என்பதும் ஒரு வீரர் குழுவே. சிறுபாணாற்றுப்படை அவர்களை நிரல்படக் கூறுகிறது. மயிலுக்குப் போர்வை தந்தவன் பேகன். முல்லைக்குத் தேர் தந்தவன் பாரி. குதிரையும் இன்சொல்லும் ஈந்தவன் காரி. ஆலமர் கடவுளுக்கு அரிய ஆடை சாத்தியவன் ஆய். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் அதியமான். நட்டோர் வாழ வேண்டுவன எல்லாம் அளித்தவன் நள்ளி. கூத்தருக்கு நாடு ஈந்தவன் ஓரி. ஆளுக்கு ஓர் அடையாளம்!

இந்நிரல் ஏன் இவ்வளவு சுருக்கமானது? எழுவர் தாங்கிய கொடைச் சுமையை நல்லியக்கோடன் ஒருவனே தாங்கினான் என்று பாராட்டுவதே நத்தத்தனாரின் கருத்து. புறநானூற்று 158-ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் குமணனைப் புகழவும் இவ்வெழுவரையே வரிசைப்படுத்துகிறார். வேறொருவனை உயர்த்த எழுந்த பட்டியலில் எழுவரும் முழு மனிதராக நிற்க இடமில்லை.

ஆயினும் புலவர் அப்பட்டியலோடு அமையவில்லை. பேகனை எடுத்துக்கொள்ளலாம். மயிலின் குளிரை உணர்ந்தவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று அவளுக்காக இரந்தனர். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் அவ்வழக்கின் பதிவுகள். பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர் என்று புரவலன் முகத்துக்கு நேரே கூறிய துணிவை என்னென்பது! மயிற்போர்வை பொய்யன்று, அதுவே முழு உண்மையுமன்று.

ஓரியின் வரலாறு இதனினும் கடுமையானது. எழுவருள் அதியமான், காரிக்குரிய கோவலூரை அழித்தான். காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான் என்பதை அகநானூற்று 209-ஆம் பாட்டு கூறுகிறது. ஒரே குழுவில் வைத்துப் பாடப்பெற்றோர் ஒருவரை ஒருவர் அழித்தவர்கள்! சிறுபாணாற்றுப்படை, ஓரி காரியோடு பொருததைக் குறிக்கிறது; முடிவைக் குறிக்கவில்லை.

அம்முடிவின் துயரைச் சொல்லாமல் விடாதவர் கபிலர். அவர் காரியைப் பாடிய புலவர். புறநானூற்றில் அவன் கொடையை வியந்து பேசியவர். அவரே நற்றிணை 320-ஆம் பாட்டில், ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது ஓரியின் மக்களிடையே எழுந்த பேரொலியை ஓர் உவமையாக வைத்துவிட்டார். அகப்பாட்டின் உள்ளே, பரத்தை ஒருத்தியின் செய்தியைச் சொல்ல வந்த இடத்தில், வென்றவனின் நண்பர் தோற்றவனின் தெருவை நினைக்கிறார். காரியைப் பழிக்கவில்லை, அத்தெருவை மறைக்கவுமில்லை.

ஓரியின் அடையாளமும் இவ்வாறே மீண்டும் நோக்கத்தக்கது. ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்த செய்தியைப் பலரும் அறிவர். எந்தப் படக்கதை வீரனுக்கும் இச்செயல் பொருந்தும். ஆனால் அதைப் பாடிய வன்பரணர், புறநானூற்று 152-ஆம் பாட்டில் மற்றொன்றையும் காட்டுகிறார். எதிர்ப்பட்ட பாணர் கூட்டம் வேட்டுவன் இன்னான் என்றறியாது, கோவே எனப் புகழ்ந்து பாடுகிறது. அது தன் பெயராதலின் அவன் நாணுகிறான். பின்னர் ஊனும் தேனும் பொன்னும் தருகிறான். அம்பு அவனைப் பிறரினின்று பிரிக்கிறது. நாணம் அவனை மனிதனாக்குகிறது.

ஆடித் திங்களில் கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்கு விழா நடைபெறுகிறது. அங்கே சிலை உண்டு, வில் உண்டு. சிலையில் நாணத்தை வடிப்பது எளிதன்று. அது பாட்டின் பணி.

இலக்கிய மன்றங்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆண்டு நிறைவுகளில் பட்டியல்கள் எழும். ஒருவர் மரபுக் கவிஞர், ஒருவர் புதுக்கவிதைக்காரர், ஒருவர் மேடைக் கவிஞர், ஒருவர் புரவலர் என்று ஆளுக்கோர் அடைமொழி வழங்கப்படும். பாராட்டு வேண்டுவதே. ஆனால் அடைமொழி கிடைத்தவுடன் அவர் கவிதையைப் படிப்பது நின்றுபோகுமானால், அது சூவுக்கு நேர்ந்த குறையே. இவர் இதற்குமேலும் உண்டு என்று சொல்ல ஒரு வாசகர் எழவேண்டும்.

காரியிடம் சென்ற கபிலர், ஈதல் எளிது, வருவோர் தகுதியை அறிதலே அரிது என்றார். புலவரிடத்துப் பொதுநோக்கை ஒழிக என்றார். புறநானூற்றின் 121-ஆம் பாட்டு அது. வீரரைப் பற்றி வழக்காடும் படக்கதை வாசகர் கேட்பதும் அதுவே. இம்மன்றத்தின் அடுத்த பத்தாண்டுகளில் கவிஞர் ஒருவரையொருவர் அந்நோக்கோடு படிப்பாராக.