சிற்றில் சிதைந்தபோது



குழந்தை இழக்கும் பொருள் பெரியோர் கண்ணுக்கு மிகச் சிறியதாகத் தோன்றும். கை ஒடிந்த மரப்பாச்சிக்காகவோ நூலறுந்து போன பட்டத்துக்காகவோ ஒரு பிள்ளை இரவெல்லாம் விம்முமானால், "இதற்கா இத்தனை அழுகை?" என்று கேட்பதே வீடுகளில் வழக்கம். அவ்வாறு கேளாத பாட்டுப் பத்தினைத் தந்த ஊர் திருவில்லிபுத்தூர். கோதை நாச்சியார் அருளிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியே அது.

வீதியிலே சிறுமியர் மணலால் சிறு வீடு கட்டுகின்றனர். அதற்குச் சிற்றில் என்று பெயர். வெண்மணலைக் கொழித்தெடுத்து, சுளகும் சிறு மட்கலமும் துணையாகக் கொண்டு, பகல் முழுதும் முதுகு வலிக்க அமர்ந்து இழைத்த வீடு. அதனைக் கலைக்கக் கண்ணன் வந்து நிற்கிறான். முதல் ஒன்பது பாட்டும் அச்சிறுமியர் அவனிடம் முறையிடும் சொற்களே.

இத்திருமொழியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தாயோ செவிலியோ இடையில் வந்து, "போகட்டும், வேறொன்று கட்டிக்கொள்ளலாம்" என்று சொல்வதில்லை. சிறுமியரே பேசுகின்றனர். தாங்கள் பட்ட பாட்டைச் சொல்கின்றனர். அழிப்பதால் உனக்கு என்ன பயன் என்று கேட்கின்றனர். ஐந்தாம் பாட்டில், அவன் அழித்தாலும் தங்கள் உள்ளம் அவன்பால் உருகுமேயன்றிச் சினவாது என்கின்றனர். அத்துடன் அமைதி வந்துவிடவில்லை. ஒன்பதாம் பாட்டில், முறுவலித்தபடி முற்றத்துள் புகுந்து வீட்டோடு தங்கள் நெஞ்சையும் சேர்த்துக் குலைக்கலாமா என்று மீண்டும் வருந்துகின்றனர். ஆறியது போன்ற துயரம் மறுபடி எழும் என்பதை அறிந்தவர் பாடிய பாட்டு இது.

சிற்றில் சிதைத்தல் பழைய விளையாட்டே. கலித்தொகைத் தலைவி ஒருத்தியும் சிறுவயதில் தன் மணல்வீட்டை ஒருவன் காலால் சிதைத்ததை நினைவுகூர்கிறாள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இஃது எட்டாம் பருவம். மேலைநாட்டாரும் இத்தகைய விளையாட்டின் பொருளை ஆராய்ந்துள்ளனர். வியன்னா நகரத்து மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு 1920இல் வெளியிட்ட நூலொன்றில், ஒன்றரை வயதுப் பையன் கயிறு கட்டிய நூலுருளையைக் கண்மறைய எறிந்து, பின்னர் இழுத்தெடுத்து மகிழ்ந்ததைக் குறித்துள்ளார். தாய் போவதையும் வருவதையும் அவன் தன் கையாலேயே நடத்திப் பார்த்தான் என்பது அவர் கருத்து.

மணல்வீட்டை மறுநாள் கட்டலாம். நூலுருளை கயிற்றோடு திரும்பும். உயிர் அவ்வாறு திரும்புவதில்லை. திருவில்லிபுத்தூருக்கு அணித்தேயுள்ள இராசபாளையம், வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய நாயினத்துக்குப் பெயர்பெற்றது. இந்திய அஞ்சல்துறை 2005இல் அதற்கு அஞ்சல்தலையே வெளியிட்டது. நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு. பிள்ளை தவழும் நாளில் வீட்டுக்கு வந்த குட்டி, அப்பிள்ளை ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கையில் முதுமையெய்தி மாயும். பல பிள்ளைகள் முதன்முதலாக மரணத்தைக் காண்பது இவ்வாறுதான்.

அப்போது பெரியோர் செய்வது யாது? இரவோடிரவாகப் புதைத்துவிட்டு, "ஓடிப்போயிற்று" என்பர்; "தூங்குகிறது" என்பாரும் உளர். ஓடிப்போயிற்று என்றால், பிள்ளை வாயிலையே பார்த்திருக்கும். கதவைத் திறந்துவைத்தது தானோ என்று உள்ளுக்குள் நோகும். தூங்குகிறது என்றால், தான் தூங்கவே அஞ்சும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இறந்தது மீளாது என்பது முழுதும் விளங்குவதில்லை. அது திரும்பத் திரும்பக் கேட்கும். கேட்குந்தோறும் அதே உண்மையைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்பர் குழந்தை மனநூல் வல்லார். அன்று மாலையே புதுக்குட்டி வாங்கி வருவது பரிவு போலத் தோன்றினும் பிழையே.

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை இலட்சுமி, 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது சாய்ந்து உயிர்நீத்தது. யானையின் இறப்பை யாரால் மறைக்க இயலும்? மக்கள் பெருந்திரளாகக் கூடி மலர் சார்த்தினர், வாய்விட்டு அழுதனர், ஊர்வலமாகக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர். பெரியோர் வெளிப்பட அழுவதைக் கண்ட பிள்ளை தன் அழுகைக்கு நாணுவதில்லை.

பெரியோரின் அழுகைக்கும் திருவில்லிபுத்தூரில் பாட்டுண்டு. மகளைப் பிரிந்த தாயின் சொல்லாகப் பெரியாழ்வார் பாடுகையில், பனியால் அழகிழந்த தாமரைக் குளத்தைப் போல வீடு பாழ்பட்டது என்கிறார். எல்லாம் இறைவன் திருவுளம் என்று தெளிந்த ஆழ்வார் அவர். அத்தெளிவு அழுகையைத் தடுக்கவில்லை.

துளசியின் அடியில் அவர் கோதையைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம் திருக்கோயிலை அடுத்து உள்ளது. ஆடிப்பூரத்துக்குப் பிள்ளைகளோடு வருவோர் தேர் கண்டபின் அங்குச் சற்று அமர்ந்து இக்கதையைச் சொல்லலாம். மகள் அரங்கனிடம் சென்றபின் தந்தை என்ன செய்தார் என்று பிள்ளை கட்டாயம் கேட்கும். அழுதார், அழுததைப் பாடியும் வைத்தார் என்று விடை கூறலாம்.