புகைக்கல்லில் ஒரு நாள்

எரிமலை எங்கே இருக்கிறது என்று மாணவர் கேட்டால், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவைச் சொல்லுவோம். இந்தியாவில் இன்றும் கனலும் எரிமலை அது ஒன்றே. தருமபுரி மாவட்டத்தில் எரிமலையும் இல்லை, எரிமலை வாயும் இல்லை. ஆயினும், பூமியின் ஆழத்திலிருந்து நெருப்புக் குழம்பாக எழுந்து வந்த அரியதொரு கல்லை ஒரே நாளில் கண்டு திரும்பலாம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியே ஏறத்தாழ 46 கிலோமீட்டர் சென்றால் ஒகேனக்கல்.

புகைக்கல் என்பது அக்கன்னடப் பெயரின் பொருள். அப்புகை நெருப்பினால் எழுவதன்று. பாறையில் மோதித் தெறிக்கும் நீர்த்திவலையே அது. ஆற்றுப் பாறைகளில் உரல்போலக் குடைந்த குழிகளையும் எரிமலை வாய் என்று எண்ணிவிடலாகாது. வெள்ளச் சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் ஓரிடத்திலேயே சுழன்று அரைத்து உண்டாக்கியவை அவை. நீர் குறைந்த நாளில் அக்கற்கள் குழியின் அடியிலேயே கிடக்கக் காணலாம்.

நெருப்பின் வேலையோ வேறு. இப்பகுதியில், பைராக்சினைட்டு என்னும் கரும்பாறையின் இடையே வெளிறிய நிறத்தில் ஒரு கல் காணப்படுகிறது. கார்பனடைட்டு என்பது அதன் பெயர். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி பட்டால் சுண்ணாம்புக்கல்லைப் போலவே பொங்கும். ஆனால் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கடலடியில் சிப்பிகளும் சிற்றுயிர்களும் படிந்து உண்டானது. இதுவோ உருகிய குழம்பாய் எழுந்து, நிலத்தடிப் பிளவுகளில் உறைந்தது. மேலிருந்த நிலமெல்லாம் தேய்ந்து போனமையால் இன்று நம் கண்ணுக்குப் படுகிறது. 1998-இல் வெளிவந்த ஆய்வொன்று இதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு எனக் கணித்தது. திருப்பத்தூரை அடுத்த சேவாத்தூரில் உள்ள இதே இனத்துக் கல்லுக்கு அவ்வாய்வு கண்ட வயது 77 கோடியே.

பள்ளிச் சுற்றுலாக்கள் எண்ணெய் முழுக்கோடும் மீன் வறுவலோடும் முடிந்துவிடுகின்றன. இரண்டும் நல்லவையே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் 240 கோடி ஆண்டுக் கல்லுக்கு அரைமணி நேரம் ஒதுக்காமல் திரும்புவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் வஞ்சனை. அழைத்துச் செல்லும் ஆசிரியர் வனத்துறையின் இசைவை முன்னரே பெறவேண்டும். சுற்றியுள்ள காடுகளின் பெரும்பகுதி 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்நாய், மென்னோட்டு ஆமை, நாற்கொம்பு மான் ஆகியவை அங்கே வாழ்கின்றன. ஆற்றில் முதலையும் உண்டாதலால், பரிசலோட்டி வேண்டாம் என்னும் துறையில் எவரையும் இறங்க விடலாகாது.

இத்தகைய குழம்பு இன்றும் வெளிப்படுவது உலகில் ஓரிடத்தில்தான். ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டின் ஓல்டோயின்யோ லெங்காய் என்னும் எரிமலை அது. அங்கே குழம்பு கறுப்பாய் ஓடி, ஆறியபின் காற்றின் ஈரம் பட்டுச் சில நாளில் வெளுத்துவிடுகிறது.