சாலையும் ஓர் அமானிதமே

(புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்ற வாலிபர்களுக்காக நம் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ஓட்டுநர் உரிமம் என்பது அரசு வழங்கும் அட்டை மட்டுமன்று. சாலையில் செல்லும் பிறருடைய உயிரும் நம் கையில் ஒப்படைக்கப்படுகின்ற அமானிதம் அது. அமானிதம் குறித்து மறுமையில் கேள்வி உண்டு என்பதை நாம் அறிவோம்.

விபத்து நேர்ந்த வீட்டில் "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று ஆறுதல் கூறுகிறோம். கத்ரை நம்புவது ஈமானின் அங்கமே. ஆனால் விபத்துக்குப் பின் கூற வேண்டிய ஆறுதலை, அதற்கு முன்பே சாக்காக ஆக்கிக்கொள்வது தகாது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே அறிந்த உமர் (ரலி) அவர்கள் படையுடன் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியை நோக்கியே செல்வதாக விடையளித்தார்கள். எச்சரிக்கையாக இருப்பதும் விதியை நம்புவதில் அடங்கியதே.

தவறுதலாக ஓர் உயிர் போனாலும் ஷரீஅத் அதனை எளிதாக விட்டுவிடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையும், அடிமையை விடுதலை செய்ய வழியற்றவர் தொடர்ந்து 2 மாதங்கள் நோன்பு நோற்பதும் அன்னிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் விதிக்கப்பட்டுள்ளன. உடன்படிக்கை செய்துள்ள பிற சமூகத்தாரின் உயிருக்கும் இதே சட்டம்தான்.

நம் வள்ளூரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அனல் மின் நிலையமும், காமராஜர் துறைமுகமும், காட்டுப்பள்ளித் துறைமுகமும் சூழ்ந்த பகுதி இது. கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவேதான் நாம் பைக்கில் செல்கிறோம். டிரெய்லர் திரும்பும்போது முன்சக்கரம் சென்ற தடத்தில் பின்சக்கரம் செல்வதில்லை. திரும்பும் பக்கமாக ஒடுங்கி வரும். இடப்புறம் புகுந்து நிற்பவர் அதில் சிக்கிக்கொள்வார். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடப்பக்கக் கதவின் கீழே நிற்கும் பைக் தெரியாது. அவரது கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லையெனில், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே இடப்புறம் முந்தாதீர்கள், பின்னாலேயே பொறுத்திருங்கள். இரவில் ஓரமாக விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரியையும் எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். செல்போனை ஒரு கணம் பார்ப்பதற்குள் அவ்வளவு தூரம் பார்வையின்றிச் செல்கிறோம். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். சாலையில் மண்ணோ மழைநீரோ இருந்தால் இன்னும் கூடும்.

பள்ளிக்கு வரும் வாலிபர் சிலர் தொப்பியோடு வருகின்றனர். தலைக்கவசம் வண்டியில் தொங்குகிறது. தொப்பியைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கு வந்து அணியலாம். ஜமாஅத் தொழுகைக்கே ஓடாமல் நிதானத்துடன் வருமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்க, ஜும்ஆவுக்குத் தாமதம் என்று சிக்னலைத் தாண்டுவது எவ்வாறு தகும்? ரமளானில் தராவீஹ் முடிந்ததும் ஒரே வண்டியில் மூவராக ஏறி ஊர் சுற்றுவதும் அந்த இரவின் கண்ணியத்துக்குரியதன்று.

பெற்றோர்களே! 18 வயது நிரம்பாத, உரிமமற்ற பிள்ளையிடம் பாசத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள். அப்பிள்ளை குற்றம் இழைத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சட்டத்துக்கு அஞ்சுவதைவிட, நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி அல்லாஹ் கேட்பான் என்று அஞ்சுவோமாக.

விபத்தைக் கண்டால் வேடிக்கை பார்க்காமல் 108க்குத் தகவல் தாருங்கள். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்பு அளிக்கிறது. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது. ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பதற்கு ஒப்பானது என்பது குர்ஆனின் போதனையன்றோ!

வண்டியில் ஏறும்போது பயண துஆவை ஓதுவோம். ஓதிய நாவுக்கு ஏற்ப நிதானமாக ஓட்டுவோம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளையும், நம் சாலையில் செல்லும் அனைவரையும் பாதுகாத்து, வீட்டார் காத்திருக்கும் வாசலுக்கு நலமுடன் திரும்பச் செய்வானாக! ஆமீன்.