சிலந்தி விட்டுச் சென்ற கடன்



சிறுவர்க்கென அமைந்த கதைகள் யாவும் இன்பமாகவே முடிதல் வேண்டும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் பொருந்துமா என்று ஆராய்வதற்கு, ஒரு சித்திரத் திரைப்படத்தின் முடிவை இன்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. வைட் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையைத் தழுவி, ஹன்னா-பார்பெரா நிறுவனத்தார் 1973இல் ஆக்கிய 'சார்லட்டின் வலை' என்பதே அப்படம்.

பண்ணைத் தொழுவத்தில் வாழும் வில்பர் என்னும் பன்றிக்குட்டி, குளிர்காலம் வந்ததும் தன்னை வெட்டிவிடுவர் என அறிந்து கலங்குகின்றது. அங்கே வலைகட்டி வாழும் சார்லட் என்னும் சிலந்தி, பன்றியின் பெருமையைச் சொற்களாக வலையிற் பின்னுகின்றது. கண்டோர் வியக்கின்றனர், பன்றி பிழைக்கின்றது. பிழைப்பித்த சிலந்தியோ, முட்டையிட்டபின் கண்காட்சித் திடலிலேயே உயிர் விடுகின்றது.

இவ்விடத்திற் சிறுவர் கண் கலங்குவர். தாண்டவராய முதலியார் 1826இல் தமிழ் உரைநடையில் தந்த பஞ்சதந்திரத்திலும் விலங்குகளின் நட்பு உண்டு. வேடனிடம் அகப்பட்ட ஆமையை மானும் காகமும் எலியும் சூழ்ச்சியால் மீட்க, நால்வரும் நலமே கூடுகின்றனர். இப்படத்திலோ காத்தவர் மறைய, காக்கப்பட்டவர் எஞ்சுகின்றார். சார்லட்டின் இனத்துச் சிலந்திகள் இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு மடிவதே இயற்கை. அதனை மாற்றியிருப்பின் கதை பொய்யாகியிருக்கும்.

எனினும், படம் சாவோடு முடிந்துவிடவில்லை. 514 முட்டைகள் அடங்கிய பை உயரத்தில் இருக்கின்றது. அதனை எடுத்துத் தருமாறு டெம்பிள்டன் என்னும் எலியை வில்பர் இரக்கின்றது. தன் தொட்டியில் விழும் உணவை இனி எலியே முதலில் உண்ணலாம் என வாக்களிக்கின்றது. உணவைப் பெரிதும் விரும்பும் பன்றி அதனையே விட்டுக்கொடுப்பது கருதத்தக்கது. பின்னர் பையை வாயில் ஏந்தி வீடு சேர்த்து, குளிர்காலம் முழுதும் காவல் இருக்கின்றது. வசந்தத்தில் வெளிவந்த குஞ்சுகள், நூலிழை விட்டுக் காற்றிலேறிப் பறந்துவிடுகின்றன. மூன்று மட்டுமே தங்குகின்றன.

இப்பறத்தல் வெறுங் கற்பனையன்று. 1832இல் பீகிள் கப்பலிற் சென்ற டார்வின், தென்னமெரிக்கக் கரையிலிருந்து 60 மைல் தொலைவில், சிறு சிலந்திகள் ஆயிரக்கணக்கிற் கப்பற் கயிறுகளில் வந்து படிந்ததைக் கண்டு எழுதினார். துறைமுகத்து மக்களாகிய நமக்கும் இக்காட்சியின் பொருள் எளிதில் விளங்கும். நம் பிள்ளைகளுட் பலர் கடல் கடந்து சென்றனர். சிலர் இங்கேயே தங்கினர்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது கிண்ணியாவிலும் மூதூரிலும் எத்தனையோ உயிர்கள் மாய்ந்தன. பெற்றோரை இழந்த சிறுவரைப் பாட்டியரும் சிற்றன்னையரும் அயலவரும் எடுத்து வளர்த்தனர். அத்தகைய சிறுவரிடம் சாவை மறைத்துக் கதை சொல்வதாற் பயன் என்ன? அவர்கள் அறிய விரும்புவது, அதன்பின் என்ன செய்வது என்பதையே.

ஒருமுறை வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது மாணவி ஒருத்தி, "சார்லட்தான் இல்லையே ஐயா, வில்பர் இனி யாருக்கு நன்றி சொல்லும்?" என்று கேட்டாள். நான் விடை கூறுமுன் பின்வாங்கிலிருந்து ஒரு சிறுவன், "அதுதான் முட்டையைப் பார்த்துக்கொண்டதே!" என்றான்.

பெற்றோரே, ஆசிரியரே, இம்முடிவைப் பிள்ளைகள் காணட்டும். அழுதால் அருகில் இருங்கள். இறுதிவரை பார்க்கச் செய்யுங்கள்.